மிக்-21 எஞ்சின் மாற்றம், 1/48 டயோரமா: எதைத் திறப்பது, எதை மூடியே வைப்பது?

#1 உப்புத்தாள் (கோவை)

வணக்கம் மக்களே. அடுத்த கட்டுமானத்துக்கு இந்த இழை. இந்திய விமானப்படையின் மிக்-21 போர் விமானம், எஃப்.எல். வகை, 1/48 அளவு மாடல் (நிஜத்தில் 48இல் ஒரு பங்கு). ஆனால் விமானம் முழுசாக நிற்காது. வால் பகுதியைக் கழற்றி ஒதுக்கி வைத்து, எஞ்சினைப் பாதி வெளியே இழுத்த நிலையில், சுற்றிலும் ஆட்கள், தள்ளுவண்டிகள், கருவிப்பெட்டிகள் என்று ஒரு ஹேங்கர் (விமானக் கொட்டகை) காட்சி, அதாவது டயோரமா. காலம் எழுபதுகள்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் கடைசி மிக்-21கள் விடைபெற்றதிலிருந்து நம் குழுக்களில் மிக்-21 மழைதான். அதில் பாதி, 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகை மேல் ராக்கெட் அடிக்கப் போன விமானங்கள். குறை சொல்லவில்லை, என் அலமாரியிலும் ஒன்று நிற்கிறது. ஆனால் 1963இல் வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஓடிய விமானம் அது. ஆகாயத்தில் இருந்த நேரத்தைவிட ஹேங்கரில் ஃபிட்டர்கள் கையில் இருந்த நேரம்தான் அதிகம் இருக்கும். அந்தப் பக்கம் யாரும் போவதே இல்லை.

மிக்-21 இதற்குத் தோதான விமானமும்கூட. எஞ்சினை எடுக்க வேண்டுமென்றால் வயிற்றில் கதவு திறந்து இறக்க முடியாது. இறக்கையின் பின்விளிம்பை ஒட்டி ஒரு வளையத்தில் உடம்பையே இரண்டாகப் பிரித்து, பின்பாதியை வாலோடு சேர்த்துப் பின்னால் உருட்ட வேண்டும். அப்புறம்தான் எஞ்சின் பின்பக்கமாக வெளியே வரும். பார்ப்பவருக்கு ஒரே பார்வையில் இங்கே பெரிய வேலை நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

எடுவார்ட் நிறுவனத்தின் மிக்-21 பி.எஃப். வகை மாடல் கிட் கையில் இருக்கிறது. அகலமான செங்குத்து வாலும், அதன் அடியில் பிரேக் பாராசூட் கூடும் மாற்றினால் எஃப்.எல். கிட்டத்தட்ட வந்துவிடும். மற்றதெல்லாம் கையால் செய்வதாகத் திட்டம். ஆர்-11 எஞ்சின் சுமார் 4.6 மீட்டர் நீளம், அதிகபட்ச விட்டம் 906 மி.மீ. 48ஆல் வகுத்தால் 96 மி.மீ. நீளமும் 19க்கு மயிரிழை குறைவான விட்டமும் வருகிறது. வீட்டு வயரிங்குக்குப் போடுகிற 19 மி.மீ. பிவிசி குழாய் அப்படியே பொருந்துகிறது! குழாயைத் துண்டு போட்டு உப்புத்தாள் பிடித்தாகிவிட்டது.

கேட்க விரும்புவது: எஞ்சின் மாற்றும்போது வேறு எந்தெந்தப் பேனல்கள் திறந்திருக்கும்? வால் பகுதி எதன்மேல் உட்கார்ந்திருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சிங்கை_72 (சிங்கப்பூர்)

அருமை அண்ணே, ஆனால் ஏன் எஞ்சினோடு நிறுத்த வேண்டும்? இவ்வளவு உழைக்கப் போகிறீர்கள். மூக்குக் கூம்பைக் கழற்றி ரேடாரைக் காட்டுங்கள். காக்பிட் மூடியைப் பக்கவாட்டில் திறந்து வையுங்கள். முன்னால் மின்னணுக் கருவிகள் இருக்கும் பெட்டியைத் திறக்கலாம், இறக்கையில் ஒரு பேனல், ஜிபி-9 துப்பாக்கிப் பேழையைக் கழற்றித் தரையில், பக்கத்தில் குண்டுப் பெல்ட். கண்காட்சியில் நடுவர் குனிந்து பார்க்கும்போது எங்கே பார்த்தாலும் ஏதாவது இருக்க வேண்டும்.

நான் 1/72இல் ஒரு எஃப்-5 அப்படித்தான் செய்தேன். பாதிப் பாகங்கள் ரெசின் 3டி பிரிண்ட். உங்களுக்கு வேண்டுமென்றால் எஞ்சினையும் வரைந்து தருகிறேன், பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பிவிசி குழாயோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

#3 பழைய_ஃபிட்டர் (தாம்பரம்)

தம்பி உப்புத்தாள், இந்தத் தளத்தில் நான் படிக்கிறதோடு சரி, எழுதுவதில்லை. இதைப் பார்த்துவிட்டு கை சும்மா இருக்கவில்லை. நான் எஞ்சின் ஃபிட்டர். தாம்பரத்தில் பயிற்சி, பிறகு பல வருடம் மிக்-21. மாடல் கட்டத் தெரியாது, ஹேங்கர் தெரியும்.

முதலில் சிங்கைத் தம்பிக்கு. எஃப்.எல். காக்பிட் மூடி பக்கவாட்டில் திறக்காது. முன்னோக்கித்தான் எழும்பும். பக்கவாட்டில் திறப்பதெல்லாம் பிறகு வந்த வகைகள்.

இன்னொன்று. துப்பாக்கி, குண்டுப் பெல்ட் எல்லாம் அந்த இடத்தில் வரவே வராது. எஞ்சின் மாற்ற விமானம் உள்ளே வருமுன் ஆயுதங்களை இறக்கியிருப்பார்கள். எரிபொருள் குழாயைக் கழற்றுகிற இடத்தில் குண்டுப் பெல்ட்டை எவன் போட்டு வைப்பான்? ரேடாரும் அப்படித்தான். ரேடார் ஆட்கள் வந்தால் அவர்கள் வேலைக்கு மின்சாரம் கொடுக்க வேண்டியிருக்கும், எங்கள் ஆள் உள்ளே கையை விட்டுக்கொண்டிருப்பான். இரண்டு கோஷ்டியும் ஒரே நேரத்தில் ஒரே விமானத்தில் ஏறினால் வேலை நடக்காது, சண்டைதான் நடக்கும்.

இப்போது உன் கேள்வி. எஞ்சினைப் பாதி இழுத்த நிலை என்கிறாய். அந்த நிலை எவ்வளவு நேரம் இருக்கும் தெரியுமா? ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பொருள் தண்டவாளத்தின்மேல் நகர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஆள், பின்னால் ஆள், உள்ளே எட்டிப் பார்த்து “நிறுத்து, கொஞ்சம் இடது” என்று கத்த ஒரு ஆள். யாரும் கருவிப்பெட்டியைக் கிண்டிக்கொண்டு நிற்க மாட்டான். டீ குடிக்க மாட்டான். பாதி வழியில் எஞ்சினை நிறுத்தி வைத்துவிட்டு ஸ்பேனர் பிடிக்கிற காட்சி பொய்.

நீண்ட நேரம் நீடிக்கிற நிலை அதற்கு முந்தியது. வால் பிரிந்து போயிருக்கும், எஞ்சின் இன்னும் உள்ளே. ஆஃப்டர்பர்னர் குழாய் (எஞ்சினின் பின்முனையில் கூடுதல் எரிபொருளை எரிக்கும் பகுதி) மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். குழாய், கேபிள், கனெக்டர், கிளாம்ப் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். ஆள் ஆளுக்கு ஒரு இடம். ஒருத்தன் கீழே படுத்திருப்பான், ஒருத்தன் டார்ச் பிடிப்பான், ஒருத்தன் கழற்றியதைத் துணியில் வரிசையாக அடுக்குவான். நீ செய்ய வேண்டியது இதுதான் என்று எனக்குப் படுகிறது.

சின்ன விஷயம், ஆனால் யாரும் மாடலில் வைப்பதில்லை: கழற்றிய ஒவ்வொரு குழாயின் வாயிலும் மூடி இருக்கும். திறந்த குழாய் ஒன்றுகூட இருக்காது. தூசி போனால் பம்ப் காலி. லாக்வயர் (நட்டு தானாகக் கழலாமல் கட்டும் கம்பி) போட்ட நட்டுகளைக் கழற்றும்போது வெட்டிய கம்பித் துண்டு ஒவ்வொன்றையும் டப்பாவில் போடுவோம். சொட்டுகிற இடத்தில் தட்டு. சக்கரங்களுக்குக் கட்டை. எர்த் வயர். முன்னால் காற்று வாயில் மூடி, சிவப்பு நாடாவோடு. இவை இல்லாமல் விமானம் ஹேங்கரில் நிற்காது.

#4 உப்புத்தாள் (கோவை)

சார், இதைத்தான் எதிர்பார்த்தேன். மிக்க நன்றி.

நீங்கள் சொன்ன நிலையே சரி. வால் பிரிந்திருக்கும், எஞ்சின் உள்ளே. ஆனால் எனக்கு ஒரு சங்கடம். அப்படி வைத்தால் நான் கட்டப் போகிற எஞ்சினில் முக்கால்வாசி உடம்புக்குள் போய்விடும். ஆர்-11இன் முன்பக்கம் எவ்வளவு அழகு! தாழ் அழுத்தத்துக்கு மூன்று, உயர் அழுத்தத்துக்கு மூன்று என்று ஆறே அடுக்குக் கம்ப்ரஸர், முதல் அடுக்கின் அகலமான பிளேடுகள். அதைச் செய்ய ஆசையாக இருந்தது.

அப்புறம் லாக்வயர் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.8 மி.மீ. கம்பி 1/48இல் 0.017 மி.மீ. தலைமுடியே அதைப்போல நாலு மடங்கு தடிமன். ஆகவே லாக்வயர் கிடையாது சார், மன்னிக்கணும். 10 மி.மீ. குழாய் என்றால் 0.2, அதற்கு வீட்டு ஒயரைப் பிரித்தால் வரும் செம்பு இழை ஒன்று போதும். 25 மி.மீ. ஹோஸுக்கு 0.5 மி.மீ. சால்டர் கம்பி, விரலால் வளைத்தாலே வளைகிறது, நிமிர்வதும் இல்லை. 0.45 மி.மீ. வெளிவிட்டம் உள்ள 26 நம்பர் ஊசியைச் சின்னத் துண்டாக நறுக்கினால் குழாய் இணைப்பு. நறுக்கும்போது பிளேடு வேண்டாம், வாய் நசுங்கிவிடும். ஊசியை மேசைமேல் வைத்து, அரத்தின் ஓரத்தை அதன்மேல் வைத்து மெதுவாக உருட்டினால் சுற்றிலும் கோடு விழும், அப்புறம் ஒடித்தால் வாய் வட்டமாகவே இருக்கும்.

#5 பழைய_ஃபிட்டர் (தாம்பரம்)

ஏன் ஒரு எஞ்சின்? பழையதை எடுத்தால் புதியது வேண்டாமா? ஓவரால் (முழுப் பழுதுபார்ப்பு) முடிந்து வந்த எஞ்சின் ஸ்டாண்டுமேல் பக்கத்திலேயே காத்திருக்கும். அதை முழுசாகக் கட்டு.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், முன்வாயிலும் பின்வாயிலும் மூடி போட்டுத்தான் நிற்கும். உன் பிளேடு தெரியாது.

#6 சிங்கை_72 (சிங்கப்பூர்)

மூடி முன்னோக்கித் திறப்பது எனக்குத் தெரியாது சார், நன்றி. ஆனால் வாதத்தை விடமாட்டேன் 🙂

நீங்கள் சொல்கிறபடி செய்தால் என்ன மிஞ்சும்? காற்று வாய் மூடி. காக்பிட் மூடி. எஞ்சின் ஒன்று உள்ளே, இன்னொன்று இரண்டு பக்கமும் மூடி. மாதக்கணக்கில் உட்கார்ந்து மூடிகளைச் செய்கிற டயோரமாவா? உண்மை முக்கியம்தான், ஆனால் இது ஆவணம் இல்லை, காட்சிப் பொருள். சினிமாவில்கூட சண்டைக்காட்சியில் வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள்.

#7 அரைமில்லி (மதுரை)

சிங்கைக்கு ஓட்டு இல்லை. எல்லாக் கதவும் திறந்த விமானம் எனக்கு வரைபடம் மாதிரித்தான் தெரிகிறது. எங்கே பார்ப்பது என்றே தெரியாது. கண்காட்சியில் அந்த மாதிரி மேசை முன்னால் எல்லோரும் “அப்பா, எவ்வளவு வேலை” என்பார்கள், அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். உழைப்பைப் பாராட்டிவிட்டார்கள், காட்சியைப் பார்க்கவில்லை.

மூடி இருந்தால் என்ன? எஞ்சின் முன்வாயின் மூடியைப் பாதி கழற்றிய நிலையில் ஒருத்தர் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கட்டும். வந்த எஞ்சினைச் சரிபார்க்காமலா மாட்டுவார்கள்? பிளேடும் தெரியும், காரணமும் இருக்கும்.

#8 பழைய_ஃபிட்டர் (தாம்பரம்)

அரைமில்லி சொன்னது நடக்கும். பிளேடு நுனியில் அடி பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்போம். அந்த ஆளின் சட்டைப் பையில் பேனா, சில்லறை எதுவும் இருக்கக் கூடாது. உன் பொம்மைக்குப் பையில் பேனா வைக்காதே.

#9 மெல்லிழை (திருச்சி)

நிறம் பற்றி நான் கொஞ்சம். ஓவியம் கற்றுக்கொடுப்பவள், மாடல்களில் உலோகப் பரப்புதான் எனக்குப் பிடித்த பகுதி.

எழுபதுகளின் எஃப்.எல். என்றால் பெயின்ட் இல்லாத உலோகத் தோல் செய்யலாம். 71 போரின்போது பல விமானங்களுக்கு அவசரமாகப் பச்சை அடித்தார்கள், அதையும் எடுக்கலாம், ஆனால் ஹேங்கர் வெளிச்சத்தில் உலோகம்தான் பேசும். வெள்ளி பெயின்ட் அடிக்காதீர்கள், அலுமினியத் தாள் ஒட்டுங்கள். சமையலறைத் தாள் போதும். பேனல் பேனலாக வெட்டி, மெல்லிய பசை தடவி, பல் குச்சியை மழுக்கிக்கொண்டு தேய்த்தால் கோடுகளுக்குள் தாள் தானாகவே இறங்கும்.

எல்லாப் பேனலும் ஒரே பளபளப்பில் இருந்தால் பொம்மை ஆகிவிடும். அதற்கு ஒரு வழி: சில தாள்களை முட்டை வேகவைத்த தண்ணீரில் போட்டுக் கொதிக்க விடுங்கள். பழைய அலுமினிய இட்லிப் பானையின் உட்புறம் கறுப்பதைப் போலத் தாளும் மங்கிவிடும். நேரத்தைக் கூட்டிக் குறைத்தால் நாலைந்து சாயல் கிடைக்கும். சூடு படும் பின்பகுதிக்கு மங்கியது, இறக்கைக்குப் பளபளப்பு.

ஆஃப்டர்பர்னர் குழாய்தான் முக்கியம். இணையத்தில் பார்க்கிற மாடல்களில் வானவில் அடித்திருப்பார்கள், நீலமும் ஊதாவும் மாறி மாறி. உலோகம் சூடேறும்போது நிறங்களுக்கு வரிசை உண்டு. முதலில் வெளிர் வைக்கோல், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம், அதற்கும் மேல் சாம்பல். ஆகவே குளிர்ந்த பக்கத்தில் வைக்கோல், சூடான பக்கத்தில் நீலமும் சாம்பலும். இந்த வரிசை தலைகீழானால் கண்ணுக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று படும். பலகாலம் ஓடிய குழாயில் அநேகமாகச் சாம்பலும் பழுப்பும்தான், பளபளப்பே இருக்காது. வைக்கோல் நிறம் விளிம்பில் ஒரு நூல் அளவு.

நீங்கள் இரண்டு எஞ்சின் வைப்பதாக இருந்தால் எனக்கு அதில்தான் ஆர்வம். ஓடித் தேய்ந்தது ஒன்று, புதுசு ஒன்று. பெயின்ட் வேலையே கதையைச் சொல்லும். புதுசு பளிச்சென்று இருக்கலாமா சார்?

#10 பழைய_ஃபிட்டர் (தாம்பரம்)

பளிச்சென்று இருக்கட்டும், ஆனால் முழுக்கக் கன்னி இல்லைம்மா. ஓவரால் முடிந்த எஞ்சினைச் சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். எங்கள் எஞ்சின்களுக்கு ஒடிசாவில், விமானம் செய்யும் எச்.ஏ.எல். நிறுவனத்தின் கோராபுட் பிரிவு. ஆகவே ஆஃப்டர்பர்னரில் நீ சொன்ன அந்த வைக்கோல் நிறம் லேசாக இருக்கும். நீலம் வேண்டாம்.

#11 மண்பொம்மை (டொராண்டோ)

நான் உருவங்கள் செய்யிற ஆள், அதைப் பற்றி மட்டும் கதைக்கிறேன்.

1.7 மீட்டர் ஆள் 1/48இல் 35 மி.மீ. கடையில் கிடைக்கிற மெக்கானிக் உருவங்கள் எல்லாம் ஜெர்மன்காரரோ அமெரிக்கரோதான். உடுப்பும் சரிவராது, நிற்கிற தோரணையும் சரிவராது. இடுப்பிலும் முழங்காலிலும் வெட்டி, உள்ளே கம்பி போட்டு, நீங்கள் வேண்டிய மாதிரி வளைத்துப்போட்டு எபாக்ஸி பட்டியால் உடுப்பைப் போர்த்துங்கள். இந்தியாவில் எம்-சீல் சுகமாகக் கிடைக்கும்தானே, ஆனால் அது கொஞ்சம் கரடு. முகத்துக்கும் கைக்கும் நைஸான பட்டி வாங்குங்கள்.

ஒரு சீக்கியத் தொழில்நுட்பவியலாளர் கட்டாயம் இருக்கட்டும். தலைப்பாகைக்குப் பட்டியை முழு உருண்டையாக வைத்துக் கோடு கீறாதீர்கள், தொப்பி மாதிரி வரும். முகப்பூச்சு மாவு தூவி மெல்லிய தாளாக உருட்டி, ஒன்றரை மி.மீ. நாடாக்களாக வெட்டி, உண்மையாகவே சுற்றுகிற மாதிரி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடுக்குங்கள். நெற்றியில் மடிப்புகள் சந்திக்கிற இடம் சரியாக வந்தால் மிச்சம் எல்லாம் சரி.

இன்னொன்று: யாரும் கமராவைப் பார்க்கக் கூடாது. உருவங்களின் பார்வை எங்கே போகுது என்று நூல் பிடித்துப் பாருங்கள். மூன்று பேர் என்றால் இரண்டு பேர் பார்வையாவது ஒரே நட்டில் முடிய வேண்டும்.

#12 சிங்கை_72 (சிங்கப்பூர்)

உருவங்களைப் பற்றிச் சொன்னது அருமை. சரி, நான் பாதி தோற்றுவிட்டேன். ரேடார் வேண்டாம். ஆனால் 3டி பிரிண்ட் விஷயத்தில் யாரும் பதில் சொல்லவில்லையே. எஞ்சின் ஸ்டாண்டின் சக்கரங்கள், கருவிப்பெட்டிகள், தீயணைப்பான் இவற்றைப் பிரிண்ட் எடுத்தால் நாலு மணி நேரம். கையால் செய்தால் நாலு வாரம். என்ன வித்தியாசம் தெரியப் போகிறது?

#13 அரைமில்லி (மதுரை)

வித்தியாசம் தெரியாது. ஆனால் தலைப்பில் “கையால் கட்டியது” என்று போட்டுவிட்டுப் பிரிண்ட் வைத்தால் அது வேறு வகை. போட்டியில் இதற்காகவே சண்டை வருகிறது. என் கருத்து: நீங்களே அளந்து நீங்களே வரைந்த கோப்பு என்றால் கைவேலைதான், கருவி மட்டும் வேறு. யாரோ வரைந்ததை இறக்கி அச்சடித்தால் கடையில் ரெசின் பாகம் வாங்கியதற்குச் சமம். வாங்குவது தப்பில்லை, சொல்லிவிட வேண்டும்.

#14 உப்புத்தாள் (கோவை)

அரைமில்லி சொன்ன கோட்டை நானும் ஏற்கிறேன். ஸ்டாண்டின் நாலு சக்கரத்தையும் சிங்கை வரைந்து தரட்டும், கண்காட்சி அட்டையில் அப்படியே எழுதிவிடுகிறேன். ஒரே மாதிரி நாலு சக்கரம் கையால் கடைவது எனக்கு இன்பமே இல்லை. ஆனால் ஸ்டாண்டின் சட்டம் என் வேலை.

இப்போது வேலை எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன், படங்களும் இணைத்திருக்கிறேன்.

பீடம் 45க்கு 30 செ.மீ. விமானம் நேராக நின்றால் அட்டைப்பெட்டிக்குள் வைத்த மாதிரி இருந்தது, ஆகவே பீடத்தின் ஓரத்துக்குக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பிவிட்டேன். மூக்கு இடது மேல் மூலையில். பிரிந்த வாய் கிட்டத்தட்ட நடுவில் வருகிறது, பார்ப்பவர் கண் முதலில் போகும் இடம் அதுதான். வால் பகுதி வண்டியோடு பின்னால் போய்ப் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கிறது, எஞ்சின் வெளியே வர வழி விட வேண்டுமே. புது எஞ்சின் வலது முன்புறம்.

பிரிந்த வாயில்தான் நிறைய நேரம் போகிறது. கிட்டின் உடம்புச் சுவர் 1 மி.மீ.க்கு மேல், அதாவது உண்மையில் 5 செ.மீ. தடிமன் தகரம்! விளிம்பை உள்பக்கமிருந்து சரிவாக அரத்தால் ராவி, கத்தி முனை மாதிரி ஆக்கியபின்தான் தகடு போலத் தெரிகிறது. அதற்கு உள்ளே வளையச் சட்டம். பழைய அடையாள அட்டைகள் இதற்கு அற்புதம், 0.76 மி.மீ. பிவிசி, வட்டமாக வெட்டிவிட்டு நடுவை எடுத்தால் சட்டம் தயார். சுற்றிலும் போல்ட் துளைகளுக்கு 0.4 மி.மீ. ட்ரில், கையால் திருகியது. துளைகளுக்கு இடைவெளி சமமாக வர, காகிதத்தில் வட்டத்தைப் பாகம் பிரித்து அச்செடுத்து, அதை ஒட்டி அதன்மேலேயே துளைத்தேன். இதே காகிதத்தை வால் பக்க வளையத்துக்கும் பயன்படுத்தினால் இரண்டு பக்கத் துளையும் நேருக்கு நேர் வரும். பார்ப்பவர் ஒருவராவது சரிபார்ப்பார், எனக்குத் தெரியும், அரைமில்லி மாதிரி ஆட்கள்.

ஆஃப்டர்பர்னர் குழாய் சிறகின் பின்னால் நீட்டி நிற்கிறது. அதன்மேல் தாள் ஒட்டி, மெல்லிழை மேடம் சொன்ன வரிசையில் நிறம் ஏற்றுகிறேன். எண்ணெய் பெயின்ட்டை மிக மெல்லியதாக, ஒரு அடுக்கு காய்ந்தபின் இன்னொன்று.

தரைக்கு விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் சன்போர்டு. கத்தியின் முதுகால் கோடு இழுத்தால் கான்கிரீட் இணைப்பு.

கருவிகள் குளிர்பானக் கேன் தகட்டில். தடிமன் 0.1 மி.மீ. வாக்கில் இருக்கிறது, ஸ்பேனருக்குச் சரியான கனம். 20 செ.மீ. ஸ்பேனர் இங்கே 4 மி.மீ. கீழே விழுந்தால் தேடவே வேண்டாம், இன்னொன்று வெட்டிக்கொள்வது சுலபம்.

#15 பழைய_ஃபிட்டர் (தாம்பரம்)

கீழே விழுந்த ஸ்பேனரைத் தேடாமல் இன்னொன்று வெட்டுவதா! எங்கள் காலத்தில் ஒரு கருவி கணக்கில் குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் பறக்காது.

படங்கள் பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. சில விஷயம்.

தரையில் கட்டம் சின்னதாகப் போட்டிருக்கிறாய். ஹேங்கர் தரை டைல்ஸ் இல்லை, கான்கிரீட் பாளம் பெரியது. பாதிக் கோடுகளைப் பட்டி வைத்து அடைத்துவிடு. எண்ணெய்க் கறையும் அதிகம். ஹேங்கர் தரை ஒவ்வொரு நாளும் கூட்டித் துடைப்போம். பழைய கறை மங்கலாக இருக்கலாம், ஈரமான கறை தட்டுக்குள் மட்டும். லாரி ஷெட் மாதிரி ஆக்காதே.

வால் வண்டியின் தாங்கிகள் உடம்பின் வளைவுக்கு ஏற்ற பிறைவடிவில் இருக்கின்றன, சரி. ஆனால் தாங்கிக்கும் தகட்டுக்கும் நடுவே ஏதாவது மெத்தை வை. வெறும் இரும்பின்மேல் அலுமினியத் தோலை உட்கார வைத்தால் அந்த ஃபிட்டரை நான் வெளியே அனுப்பியிருப்பேன்.

ஆட்கள் எத்தனை பேர்?

#16 உப்புத்தாள் (கோவை)

ஆறு பேர் நினைத்திருக்கிறேன் சார். பிரிந்த வாயருகே மூவர், அதில் ஒருவர் சீக்கியர். ஒருவர் கீழே படுத்திருக்கிறார். புது எஞ்சின் முன்வாயில் டார்ச்சோடு ஒருவர், பையில் பேனா இல்லை. மேற்பார்வையாளர் ஒருவர், கையில் எஃப்-700, அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேடு.

மெத்தைக்கு முகக்கவசத்தின் உள்துணியை வெட்டிப் பச்சை பூசினேன், கம்பளித் துணி மாதிரியே இருக்கிறது. கோடுகளையும் அடைத்தாகிவிட்டது.

#17 மண்பொம்மை (டொராண்டோ)

மேற்பார்வையாளரைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். எல்லோரும் ஒரே இடத்தில் குவிந்தால் பீடத்தின் மற்றப் பாதி செத்துப்போகும். வால் பகுதிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற அந்த வெறும் தரையில் தனியாக நிற்கட்டும். அவர் முகம் புது எஞ்சின் பக்கம், அடுத்து எது போகப் போகுது என்று பார்க்கிற மாதிரி.

#18 மெல்லிழை (திருச்சி)

மண்பொம்மை சொல்வது சரி. அவர் நிற்கும் இடத்தில் மேலிருந்து விழும் வெளிச்சமும் தடையில்லாமல் இருக்கிறது. காக்கி நிறத்தை அங்கே ஒரு சாயல் கூட்டி அடியுங்கள்.

தேசிய வட்டத்தை டெக்கலாக (ஒட்டுப் படமாக) ஒட்டினால் தாள்மேல் பளபளக்கும், மெல்லிய மேட் வார்னிஷ் வட்டத்தின் மேல் மட்டும் அடியுங்கள். வெளியே காவி, நடுவில் பச்சை, அவசரத்தில் பல பேர் தலைகீழாக ஒட்டுகிறார்கள். வால் தனியாக இருப்பதால் வாலில் இருக்கும் மூவர்ணப் பட்டையையும் மறக்க வேண்டாம், பிரித்து வைத்த துண்டுக்கு அதுதான் அடையாளம்.

#19 சிங்கை_72 (சிங்கப்பூர்)

சக்கரக் கோப்பு அனுப்பிவிட்டேன். ரெசின் சுருங்குவதால் இரண்டு சதவீதம் பெரிதாக வரைந்திருக்கிறேன், நீங்கள் மறுபடி பெரிதாக்க வேண்டாம். கழுவிவிட்டுப் புற ஊதா வெளிச்சத்தில் முழுசாக வேகவிடுங்கள், இல்லையென்றால் எடை தாங்காமல் நாளாவட்டத்தில் சாயும்.

ஒரு சந்தேகம். காக்பிட் மூடியை மூடியே வைக்கப் போகிறீர்களா? எடுவார்ட் கிட்டின் காக்பிட் அவ்வளவு நன்றாக இருக்குமே.

#20 உப்புத்தாள் (கோவை)

மூடிதான். மேலே ஒரு துணி உறையும் போடுகிறேன், பசை கலந்த தண்ணீரில் நனைத்த டிஷ்யூ. காக்பிட்டில் அன்றைக்கு யாருக்கும் வேலை இல்லை.

சார், இன்னும் ஒரே கேள்வி. எர்த் வயரை விமானத்தில் எங்கே மாட்டுவது, தரையில் எங்கே முடிப்பது? செம்பு இழை தயாராக இருக்கிறது.

#21 பழைய_ஃபிட்டர் (தாம்பரம்)

தரையில் அதற்கென்று பதித்த புள்ளி இருக்கும், சின்னக் குழிக்குள் உலோகக் குமிழ். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் துளை போட்டு வை. விமானத்துப் பக்கம் லேண்டிங் கியர் காலில் கிளிப். வயரை இழுத்துக் கட்டாதே, தரையில் தொய்ந்து கிடக்கட்டும், ஆனால் ஆள் நடக்கிற வழியில் வேண்டாம். உன் படத்தில் இடது சக்கரப் பக்கம் வழி இருக்கிறது, ஆகவே வலது.